டேஞ்சரஸ் வாட்டர்ஸில் எந்தக் காது கூர்மை? சோனார் அரேக்களை ஒப்பிட முழுமையான வழிகாட்டி

"டிபி-23 எத்தனை மைல் கேட்கும்?" நீர்மூழ்கி விளையாட்டுக்குள் நுழைகிறவர்கள் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி இது. தண்ணீருக்கடியில் ஒலியைக் கேட்கும் ஒலிவாங்கிகளின் தொகுப்புதான் சோனார் அரே. நீர்மூழ்கி தனக்குப் பின்னால் வால் போல இழுத்துச் செல்லும் அரேக்களில் ஒன்று டிபி-23. நானும் கேட்டேன். ஆளுக்கொரு எண் சொன்னார்கள். சரி, நாமே அளந்து பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். நீளமான மெல்லிய வாலைவிடக் குட்டையான தடித்த வால்தான் நன்றாகக் கேட்கிறது என்று முதல் சோதனையில் முடிவு வந்தது. அதை நம்பி இரண்டு நாள் விளையாடினேன், இரண்டு முறை டார்பிடோ வாங்கினேன். பிறகு சோதனையைத் திரும்ப ஓட்டிப் பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. மெல்லிய வால் முழுதாக வெளியே வந்து சேரும் முன்பே நான் குறிப்பெடுக்க ஆரம்பித்திருந்தேன். பாதி வாலை அளந்துவிட்டு முழு வாலுக்குத் தீர்ப்பு எழுதியிருக்கிறேன்.

அதனால் இங்கே மைல் கணக்குப் பட்டியல் எதுவும் கிடையாது. உங்கள் கணினியில், உங்கள் பதிப்பில் நீங்களே அளந்து நம்பக்கூடிய ஒரு முறையைத்தான் சொல்லப்போகிறேன். ஒரு அரே எத்தனை மைல் கேட்கும் என்பது அந்த அரேயுடைய குணம் இல்லை. அந்தத் தண்ணீர், அந்த இலக்கு, உங்கள் வேகம், நீங்கள் திரும்பி நிற்கும் கோணம் எல்லாம் சேர்ந்து தருகிற விடை அது. அரேயின் குணம் தெரிவது அது எங்கே செவிடாகிறது என்பதில்தான்.

எந்த விளையாட்டு, ஏன்

நான் எடுத்துக்கொள்வது சோனலிஸ்ட்ஸ் நிறுவனம் உருவாக்கி 2005இல் வெளிவந்த டேஞ்சரஸ் வாட்டர்ஸ். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் இருக்கும் இந்த நிறுவனம் அமெரிக்கக் கடற்படைக்கும் வேலை செய்கிறது. 1997இல் வந்த 688(ஐ) ஹன்டர்/கில்லர், 2001இல் வந்த சப் கமாண்ட் இரண்டும் இவர்களுடையவைதான். கிராஃபிக்ஸைப் பார்த்தால் இன்றைக்குச் சிரிப்பு வரும். ஆனால் சோனார் அரேக்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க இதைவிட வசதியான விளையாட்டு எனக்குக் கிடைக்கவில்லை. மிஷன் எடிட்டர் கூடவே வருகிறது. கடலடி எப்படிப்பட்டது, ஒலிவேகம் ஆழத்தோடு எப்படி மாறுகிறது, அலை எவ்வளவு என்று எல்லாவற்றையும் நாமே வைத்துக்கொள்ளலாம். 2017இல் வந்த கோல்டு வாட்டர்ஸ் சண்டைக்கு அருமையானதுதான். ஆனால் அதில் சோனார் வேலையில் பெரும்பகுதியை நமக்காக வேறு யாரோ செய்துவிடுகிறார்கள்.

சோதனைக்கு 688(ஐ) என்ற படகை, அதாவது மேம்படுத்திய லாஸ் ஏஞ்சலஸ் வகை அமெரிக்க அணுசக்தி நீர்மூழ்கியை எடுங்கள். அதில் ஒரே படகில் நான்கு காதுகள் உண்டு. மூக்கில் உருண்டை வடிவ அரே, உடலோடு ஒட்டிய ஹல் அரே, பின்னால் இழுத்துச் செல்லும் டிபி-16, டிபி-23 என்ற இரண்டு வால்கள். வால்களில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் விட முடியும்.

மாட் (விளையாட்டை மாற்ற ரசிகர்கள் செய்யும் கூடுதல் கோப்புகள்) போட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். லவ்அமி போன்ற மாட்கள் சென்சார் எண்களையே மாற்றிவிடுகின்றன. மூலப் பதிப்பில் எடுத்த அளவை மாட் போட்டவரிடம் சொல்வதும், வேறு ஊர் பஸ் நேரத்தை நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் ஒட்டி வைப்பதும் ஒன்றுதான். தாளின் தலைப்பில் முதலில் பதிப்பையும் மாட் பெயரையும் எழுதுங்கள்.

ஓட்டத் தொடங்கும் முன் கொஞ்சம் கணக்கு

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகத் தோன்றும். போகாதீர்கள். என்ன விடை வரவேண்டும் என்று தோராயமாகத் தெரிந்திருந்தால்தான், வந்த விடை பிசகு என்பது கண்ணில் படும்.

கடல்நீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1500 மீட்டர் ஓடுகிறது. 50 ஹெர்ட்ஸ் ஒலியை எடுத்தால் அலைநீளம் 30 மீட்டர். நிஜப் படகின் மூக்கு உருண்டையோ குறுக்களவில் சுமார் 15 அடி, அதாவது நாலரை மீட்டர்தான். 30 மீட்டர் அலை வந்து மோதும்போது உருண்டையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் தெரியாவிட்டால் ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று சொல்ல வழியில்லை. மற்ற திசைகளின் இரைச்சலை ஒதுக்கவும் வழியில்லை. தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு நீளமான காதுதான் வேண்டும். வால் பிறந்த காரணம் அதுதான்.

டிபி-16இன் கேட்கும் பகுதி சுமார் 240 அடி, அதாவது 73 மீட்டர். டிபி-23இல் அது சுமார் 960 அடி, 293 மீட்டர். நான்கு மடங்கு. ஒரு நேர்க்கோட்டு அரே எவ்வளவு குறுகலான கீற்றாகக் கேட்கும் என்பதற்குக் கைக்கணக்கு ஒன்று உண்டு. அலைநீளத்தை அரேயின் நீளத்தால் வகுத்து 57ஆல் பெருக்கினால் பாகை கிடைக்கும். 50 ஹெர்ட்ஸில் டிபி-16க்கு 30/73, அதாவது சுமார் 23 பாகை. டிபி-23க்கு 30/293, சுமார் 6 பாகை. அதே டிபி-16இல் 300 ஹெர்ட்ஸ் ஒலியைக் கேட்டால் அலைநீளம் 5 மீட்டராகச் சுருங்கி, கீற்றும் 4 பாகைக்கு வந்துவிடும். அப்படியானால் இரண்டு வால்களுக்கும் இடையே உள்ள வித்தியாசம் தாழ்ந்த சுருதியில்தான் உயிர்நாடி. உயர்ந்த சுருதியில் குட்டை வாலே போதுமான அளவு கூர்மையாக இருக்கும்.

நீளம் நான்கு மடங்கானால், இரைச்சல் எல்லாத் திசையிலிருந்தும் சமமாக வருகிறது என்று வைத்துக்கொண்டால், 6 டெசிபல் லாபம். இந்த 6 டெசிபல் எத்தனை மைலாக மாறும் என்று பாருங்கள், இங்கேதான் எல்லோரும் வழுக்குகிறார்கள். ஒலி கோளமாகப் பரவும் ஆழ்கடலில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் இழப்பு. ஆகவே 6 டெசிபல் லாபம் என்றால் தூரம் இரட்டிப்பு. மேற்பரப்புக்கும் கடலடிக்கும் நடுவே அகப்பட்டு ஒலி உருளையாகப் பரவினால் இரண்டு மடங்கு தூரத்துக்கு 3 டெசிபல்தான் இழப்பு. அங்கே அதே 6 டெசிபல் தூரத்தை நான்கு மடங்காக்கும். அரே மாறவில்லை, தண்ணீர்தான் மாறியது. ஒருவர் "டிபி-23 ரெண்டு மடங்கு" என்றும், இன்னொருவர் "நாலு மடங்கு" என்றும் சண்டை போட்டால் இருவருமே சரியாக இருக்க வாய்ப்புண்டு.

இதெல்லாம் நிஜக் கடலின் கணக்கு. நிஜ அரேக்களின் உண்மையான திறன் ரகசியம். விளையாட்டில் இருப்பவை அதை உருவாக்கியவர்கள் தேர்ந்தெடுத்த எண்கள். கணக்கும் திரையும் அச்சு அசலாக ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்காதீர்கள். போக்கு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

முதல் படி: தண்ணீரைக் கட்டிப் போடுவது

மிஷன் எடிட்டரில் கரையிலிருந்து வெகுதூரத்தில், நல்ல ஆழமான இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அக்கம்பக்கத்தில் வேறு கப்பல் ஒன்றுகூட வேண்டாம். தூரத்தில் போகும் ஒரு சரக்குக் கப்பல் போதும், ஒரு திசை முழுக்க இரைச்சலைக் கொட்டி அளவைக் கெடுத்துவிடும்.

ஒலிவேக அமைப்புக்கு மூன்று வகைகள் வரும்: மேற்பரப்பு டக்ட் (ஒலி மேற்பரப்பை ஒட்டிய அடுக்கில் அகப்பட்டு ஓடுவது), கன்வர்ஜன்ஸ் ஸோன், பாட்டம் லிமிடெட் (ஒலி கீழே வளைந்து கடலடியில் மோதுவது). ஆரம்பத்துக்குப் பாட்டம் லிமிடெட். கடலடி சேறு. அலை மிகக் குறைவு. இந்தத் தேர்வுக்குக் காரணம் இருக்கிறது. கன்வர்ஜன்ஸ் ஸோன் உள்ள கடலில் ஒலி ஆழத்துக்குப் போய் வளைந்து, நடுத்தர அட்சரேகைகளில் சுமார் 30 கடல் மைலுக்கு அப்பால் மறுபடி மேலே வரும். இடையில் பெரிய மௌனப் பகுதி. இலக்கு 20 மைலில் கேட்காமல் 30இல் கேட்டால் உங்கள் அட்டவணையில் எதை எழுதுவீர்கள்? பாறைக் கடலடி ஒலியை நன்றாக எதிரொலித்து இன்னொரு குழப்பத்தைச் சேர்க்கும். சேறு பெரும்பாலும் விழுங்கிவிடும்.

ஓட்டத் தொடங்கியதும் ஒரு எக்ஸ்பிடி (ஆழத்தோடு நீரின் வெப்பம் மாறுவதை அளக்கும் கருவி) விட்டு ஒலிவேகக் கோட்டைப் பாருங்கள். கோடு எங்கே திரும்புகிறதோ அதுதான் லேயர். நீங்களும் இலக்கும் லேயருக்கு ஒரே பக்கத்தில் இருக்கவேண்டும். எடிட்டரில் ஏதோ ஒரு ஆழம் கொடுத்துவிட்டு இதைப் பார்க்காமல் விட்டதில் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாகப் போனது.

இரண்டாம் படி: அடங்கி நடக்கும் இலக்கு

இலக்கு சத்தமாக இருந்தால் எல்லா அரேயும் கேட்டுவிடும். அளவுக்கு மீறி அமைதியாக இருந்தால் எதுவும் கேட்காது. இரண்டிலும் ஒப்பிட எதுவும் மிஞ்சாது. நடுத்தரமாக, 8 முதல் 10 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் ஓடும் ஒரு பழைய அணுசக்தி நீர்மூழ்கியை வைத்துத் தொடங்குங்கள்.

அதை எதிரிப் பக்கத்தில் போடாதீர்கள். எதிரியாகப் போட்டால் கணினி அதற்கு மூளை கொடுத்துவிடும். உங்களைக் கேட்டதும் திரும்பும், வேகம் குறைக்கும், சுடவும் செய்யும். நடுநிலைப் பக்கத்திலோ உங்கள் பக்கத்திலோ போட்டு, ஒரே நேர்க்கோட்டில் வெகுதூரத்தில் ஒரு வேபாயிண்ட் (இலக்கு போய்ச் சேரவேண்டிய புள்ளி) வையுங்கள். தற்செயல் தொடக்க இடம், தோன்றும் வாய்ப்பு விழுக்காடு போன்ற எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள். மிஷனை மூன்று முறை திறந்தால் மூன்று முறையும் இலக்கு அதே இடத்தில் இருக்கவேண்டும்.

அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்பதில் நமக்கு ஒரு சுவாரசியம் உண்டு. விளையாட்டில் நாம் ஓட்டக்கூடிய, டீசலிலும் பேட்டரியிலும் ஓடும் ரஷ்யக் கிலோ வகைதான் இந்தியக் கடற்படையில் 1986 முதல் சிந்துகோஷ் வகையாக இருப்பது. ரஷ்ய அணுசக்தி நீர்மூழ்கியான அகுலா வகைப் படகு ஒன்று ஐ.என்.எஸ். சக்ரா என்ற பெயரில் 2012 முதல் 2021 வரை குத்தகைக்கு இங்கே இருந்தது. இவற்றையே இலக்காக வைத்துப் பார்க்க ஆசை வரும். வரட்டும், ஆனால் முதல் சுற்றில் வேண்டாம். மெதுவாகப் போகும் கிலோ பேட்டரியில் ஓடும்போது உங்கள் அட்டவணை முழுக்கச் சுழியமாகிவிடும்.

மூன்றாம் படி: நம் படகை நிலைநிறுத்துவது

வேகம் 5 நாட். ஆழம் மாறக்கூடாது. வால் வேலை செய்ய வேண்டுமானால் இரண்டு நிபந்தனைகள். ஒன்று, முழு நீளமும் வெளியே வந்திருக்கவேண்டும். இரண்டு, படகு திரும்பிய பிறகு வால் நேராகும் வரை பொறுக்கவேண்டும். நீளமான வால் நேராக நேரம் கூடுதல். அதுவரை அது காட்டும் திசையை எழுதாதீர்கள்.

இலக்கு உங்கள் மூக்கிலிருந்து 90 பாகையில், அதாவது பக்கவாட்டில் இருக்கும்படி திரும்பிக்கொள்ளுங்கள். இந்தக் கோணத்தில்தான் நான்கு காதுகளுக்கும் நியாயம் கிடைக்கும். நேர் முன்னால் வைத்தால் உருண்டைக்குச் சலுகை, வாலுக்கு மோசம். நேர் பின்னால் வைத்தால் உருண்டைக்குப் பாஃபிள் என்ற குருட்டுப் பகுதி. சொந்த எந்திரமும் புரொபெல்லரும் அந்தப் பக்கத்தை அடைத்துக்கொண்டிருக்கும்.

நான்காம் படி: பிராட்பேண்டில் முதல் ஓட்டம்

இலக்கை எந்த அரேக்கும் கேட்காத தூரத்தில் தொடங்கி உங்களை நோக்கி வரவிடுங்கள். வரைபடத்தில் உண்மை நிலையைக் காட்டும் வசதியை இப்போதைக்கு அணைத்துவிடுங்கள். சோனாரின் ஆட்டோகுரூவையும் (நமக்காக வேலை பார்க்கும் கணினி மாலுமி) அணையுங்கள். ஆட்டோகுரூ நல்ல பையன்தான். ஆனால் அவன் எந்தக் கணத்தில் "கான்டாக்ட்" என்று கத்துகிறான் என்பது அவன் கையில், நம் கையில் இல்லை.

பிராட்பேண்ட் திரையில், அதாவது எல்லா அதிர்வெண்களையும் சேர்த்துக் கேட்கும் திரையில், உருண்டை, ஹல், வால் என்று மாறி மாறிப் பாருங்கள். வாட்டர்ஃபாலில், அதாவது ஒலி வரும் திசைகளை நேரத்தோடு கீழே கீழே வரைந்துகொண்டே போகும் படத்தில், புள்ளிகள் கொட்டிக்கொண்டே இருக்கும். கொஞ்ச நேரத்தில் ஏதோ ஒரு இடத்தில் புள்ளிகள் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக நிற்பது போலத் தோன்றும். முதலில் அது பிரமை மாதிரி இருக்கும். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தெரியும், மறுபடி பார்த்தால் மறையும். உடனே கடிகார நேரத்தைக் குறிக்காதீர்கள். அந்தக் கோட்டின்மேல் கர்சரை வைத்து டிராக்கர் (ஒலியின் திசையைத் தானே பின்தொடரும் குறி) போடுங்கள். டிராக்கர் இரண்டு நிமிடம் நழுவாமல் பிடித்து நின்றால், அதுதான் உங்கள் "கேட்டது". அந்தக் கணத்தில் பாஸ் செய்து நேரத்தை எழுதுங்கள். என்னுடைய அளவுகோல் இது. உங்களுக்கு வேறு அளவுகோல் வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் நடுவில் மாற்றாதீர்கள்.

வாட்டர்ஃபாலில் குறுகிய, நடுத்தர, நீண்ட சராசரி என்று வெவ்வேறு கால அளவுகள் உண்டு. நீண்ட சராசரியில் மெல்லிய கோடும் தெளிவாகும், ஆனால் தாமதமாக. இலக்கு 10 நாட் வேகத்தில் நெருங்கினால் 5 நிமிடத் தாமதத்துக்கு முக்கால் மைலுக்கும் மேலாக (0.83) பிழை வரும். டைம் கம்ப்ரஷனை (விளையாட்டு நேரத்தை வேகமாக ஓட்டும் வசதி) போட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் பிழை இன்னும் பெருகும். கேட்கும் தூரத்தை நெருங்கும் முன் கம்ப்ரஷனை 1க்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

பிறகு மிஷனை மறுபடி திறந்து, உண்மை நிலையைக் காட்டும் வசதியைப் போட்டு, குறித்த நேரங்களில் இலக்கு எத்தனை மைலில் இருந்தது என்று வரைபடத்தில் அளந்து எழுதுங்கள்.

ஒரு ஓட்டம் போதாது. "ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது இங்கே செல்லாது. குறைந்தது மூன்று ஓட்டங்கள். கூடவே ஒரு தலைகீழ் ஓட்டம்: இலக்கு பக்கத்திலிருந்து விலகிப் போகட்டும், டிராக்கர் எந்தத் தூரத்தில் விட்டுப்போகிறது என்று பாருங்கள். விலகும்போது கிடைக்கும் தூரம் பெரும்பாலும் கூடுதலாகவே வரும், ஏனென்றால் கோடு எங்கே இருக்கிறது என்று கண்ணுக்கு ஏற்கெனவே தெரியும். இரண்டையும் தனித்தனியாக எழுதி வையுங்கள், கலந்துவிடாதீர்கள்.

இன்னொரு தந்திரம், கொஞ்சம் கூச்சமாக இருந்தாலும் சொல்கிறேன். நண்பர் யாரையாவது மிஷனில் இலக்கு வரும் திசையை மாற்றச் சொல்லுங்கள், ஒன்றிரண்டில் இலக்கையே எடுத்துவிடச் சொல்லுங்கள். இலக்கே இல்லாத மிஷனில் நான் ஒருமுறை பத்து நிமிடம் ஒரு கோட்டைத் துரத்தியிருக்கிறேன். இலக்கு எங்கே என்று தெரிந்த கண், இல்லாததையும் பார்க்கும்.

ஐந்தாம் படி: நேரோபேண்ட்

பிராட்பேண்ட் என்பது சந்தை இரைச்சலைக் கேட்பது போல. நேரோபேண்ட், அந்தச் சந்தையில் ஒரு குரலைப் பிரித்தெடுப்பது. எந்திரங்கள் குறிப்பிட்ட அதிர்வெண்ணில் முனகுகின்றன. ரஷ்யப் படகுகளின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அமெரிக்கப் படகுகளில் 60 ஹெர்ட்ஸ். வாலில் இந்தக் கோட்டைப் பார்த்தே எதிரில் வருவது யார் பக்கம் என்று பாதி முடிவு செய்துவிடலாம்.

இங்கே "முதலில் கேட்டது எது" என்று மட்டும் அளப்பது வீண். அட்டவணையில் இரண்டு நெடும்பத்திகள் வையுங்கள். முதல் பத்தியில், முதல் கோடு எந்தத் தூரத்தில் வந்தது. இரண்டாவதில், எந்த அதிர்வெண் கோடுகள் எந்த அரேயில் தெரிகின்றன. இலக்கு 3 மைலுக்கு வந்த பிறகும் உருண்டையில் சில தாழ்ந்த கோடுகள் எட்டிப் பார்க்காது. அரேக்கு எட்டாத சுருதி என்று அதற்கு அர்த்தம், தூரத்தின் குறை இல்லை. மேலே பார்த்த 30 மீட்டர் அலை, நாலரை மீட்டர் உருண்டை கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். அடையாளம் காண எத்தனை கோடுகள் வேண்டும் என்பதைப் பொறுத்து, தூரத்தில் ஜெயித்த அரேயே அடையாளத்தில் தோற்கவும் கூடும்.

டிபி-16க்கும் டிபி-23க்கும் இடையிலான போட்டியை நேரோபேண்டில்தான் நடத்தவேண்டும். இரண்டுக்கும் தனித்தனி மிஷன். ஒரே ஓட்டத்தில் ஒன்றைச் சுருட்டி இன்னொன்றை விடுவதற்குள் இலக்கு எங்கேயோ போயிருக்கும்.

ஆறாம் படி: வேகப் படிக்கட்டு

முழு வழிகாட்டியில் ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

இலக்கை ஒவ்வொரு அரேயும் தெளிவாகப் பிடித்திருக்கும் தூரத்தில் வையுங்கள். இலக்கின் திசைக்கு உங்கள் பாதை செங்குத்தாக இருக்கட்டும். 5 நாட்டில் தொடங்கி இரண்டு இரண்டு நாட்டாகக் கூட்டுங்கள். ஒவ்வொரு படியிலும் வேகம் நிலைத்த பிறகு மூன்று நிமிடம் பொறுங்கள். எந்த வேகத்தில் கோடு மங்குகிறது, எந்த வேகத்தில் டிராக்கர் நழுவுகிறது, எந்த வேகத்தில் திரை முழுக்க வெறும் பனியாகிறது என்று மூன்று எண்களை எழுதுங்கள்.

அரேயைத் தழுவி ஓடும் தண்ணீரே இரைச்சல். வேகம் கூடக் கூட அது செங்குத்தாக ஏறும். படகின் மேலோட்டில் ஒட்டியிருக்கும் ஹல் அரேக்கு எந்திரச் சத்தமும் சேர்ந்து வரும். வால் எந்திரத்திலிருந்து தள்ளி இருந்தாலும், மெல்லியதாகத் தண்ணீரில் இழுபடுவதால் அதற்கென்று ஒரு நடுக்கம் உண்டு. கேவிட்டேஷன் (புரொபெல்லரைச் சுற்றிக் குமிழிகள் உருவாகி உடைந்து சத்தமிடுவது) ஆரம்பித்துவிட்டால் அது தனிக் கதை. அது காதை அடைப்பதோடு நிற்காது, எதிரிக்கு நம் விலாசத்தையும் கொடுத்துவிடும். ஆகவே படிக்கட்டை ஆழத்தில் ஏறுங்கள். ஆழத்தில் அழுத்தம் கூடுதல் என்பதால் கேவிட்டேஷன் தள்ளிப்போகும்.

இந்த ஓட்டம் முடிந்ததும் ஒரு சின்ன அட்டை எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டினேன். எந்த வேகத்துக்கு மேல் எந்தக் காது செவிடு என்று நான்கு வரி. அட்டவணையில் இருக்கும் மற்ற எல்லா எண்களையும்விட விளையாட்டில் எனக்கு உதவியது அந்த நான்கு வரிதான்.

ஏழாம் படி: கோணம்

இதற்கு எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி, நாமும் இலக்கும் ஒரே திசையில் ஒரே வேகத்தில் இணையாகப் போவது. தூரம் மாறாது, கோணம் மாறாது, வசதிதான். ஆனால் அதில் ஒரு கண்ணி இருக்கிறது. இலக்கை நம் மூக்குப் பக்கம் வைத்தால் அதன் பின்புறத்தைக் கேட்கிறோம். பக்கவாட்டில் வைத்தால் அதன் விலாவைக் கேட்கிறோம். எந்தப் பக்கத்திலிருந்து கேட்கிறோம் என்பதைப் பொறுத்து இலக்கின் சத்தமே மாறலாம். அப்போது நாம் அளப்பது நம் அரேயையா, இலக்கின் உடம்பையா?

இலக்கின் பாதையை மாற்றாமல் வைத்துக்கொண்டு நம் மூக்கை மட்டும் திருப்புவதுதான் சரி. இலக்கு 10, 30, 60, 90, 120, 150, 170 பாகைகளில் இருக்கும்படி ஏழு மிஷன்கள். வால் முழுதாக வெளியே வந்து நேராகும் நேரத்தில் இலக்கு சோதனைத் தூரத்துக்கு வந்து சேரும்படி தொடக்க இடத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

வாலுக்குப் பக்கவாட்டில் இருக்கும் கூர்மை ஓரங்களில் இருக்காது. கீற்றின் அகலம், அரேயின் அச்சிலிருந்து அளந்த கோணத்தின் சைனுக்குத் தலைகீழாக மாறும். 30 பாகையில் சைன் அரை. ஆகவே அகலம் இரட்டிப்பு. பக்கவாட்டில் 6 பாகையாக இருந்த டிபி-23இன் 50 ஹெர்ட்ஸ் கீற்று அங்கே 12 ஆகிவிடும். திரையில் கோடு வீங்கிப்போவது போலத் தெரியும்.

வாலுக்கு இன்னொரு ஊனம் உண்டு. அதற்கு இடது வலது தெரியாது. 40 பாகையில் ஒரு ஒலி வந்தால் அது 40ஆகவும் இருக்கலாம், 320ஆகவும் இருக்கலாம். படகைத் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். எந்தக் கோடு நியாயமாக அசைகிறதோ அது உண்மை, மற்றது நிழல். இந்தத் திருப்பத்துக்கும், அதன் பிறகு வால் நேராகவும் ஆகும் நேரத்தைக் கட்டாயம் அளந்து எழுதுங்கள். வால் முதலில் கேட்டது சரி. ஆனால் "எதிரி இந்தத் திசையில்தான்" என்று சொல்ல அதற்கு எத்தனை நிமிடம் ஆனது? அதற்குள் இலக்கு எவ்வளவு நெருங்கியிருக்கும்? உருண்டை தாமதமாகக் கேட்டாலும் கேட்ட கணமே திசையைச் சொல்லிவிடும். நிறையப் பேரின் அட்டவணையில் இந்தப் பத்தியே இருப்பதில்லை, அதனால்தான் அவற்றில் வால் எப்போதும் ஜெயிக்கிறது.

எட்டாம் படி: தண்ணீரை மாற்றுவது

இதுவரை செய்ததை மேற்பரப்பு டக்ட்டிலும் கன்வர்ஜன்ஸ் ஸோனிலும் முழுதாகத் திரும்பச் செய்யத் தேவையில்லை. நான்காம் படியை மட்டும் ஓட்டுங்கள். இலக்கை லேயருக்கு மேலேயும் உங்களைக் கீழேயும் வைத்து ஒன்று, மாற்றி வைத்து ஒன்று. நிஜத்தில் மேற்பரப்பு டக்ட் தாழ்ந்த சுருதிகளை அவ்வளவாகப் பிடித்து வைத்திருக்காது, அவை கசிந்துவிடும். உங்கள் அட்டவணையிலும் டக்ட்டில் உருண்டைக்குக் கிடைத்த லாபம் வாலுக்குக் கிடைத்ததைவிட அதிகமா என்று பாருங்கள்.

எண்களைப் படிப்பது

கைக்கணக்குக்காக நானே போட்ட எண்கள் இவை: ஒரே தண்ணீரில், ஒரே இலக்குக்கு டிபி-16 12 மைல், டிபி-23 18 மைல். "6 மைல் கூடுதல்" என்று எழுதாதீர்கள். இலக்கு இன்னும் சத்தமாக இருந்தால் அந்த 6 மைல் 15 ஆகும். விகிதத்தை எழுதுங்கள்: ஒன்றரை மடங்கு. கோளப் பரவலாக இருந்தால் ஒன்றரை மடங்கு என்பது 3.5 டெசிபல். உருளைப் பரவலாக இருந்தால் 1.8 டெசிபல். அரேயின் கணக்குப்படி 6 வரவேண்டிய இடத்தில் 3.5 வந்திருந்தால் பதற வேண்டாம். இலக்கின் சத்தம் 50 ஹெர்ட்ஸில் மட்டும் இல்லை, வால் நேராக இல்லாமல் இருந்திருக்கலாம், விளையாட்டே வேறு எண் வைத்திருக்கலாம். ஆனால் 6 வரவேண்டிய இடத்தில் கழித்தல் 2 வந்தால், அதாவது நீள வால் குட்டை வாலிடம் தோற்றால், முதலில் வால் எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்று போய்ப் பாருங்கள். என் அனுபவம் பேசுகிறது.

மூன்று ஓட்டங்களின் விடைகள் தங்களுக்குள்ளேயே எவ்வளவு சிதறுகின்றன என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். ஒரே அரே 11, 12, 14 என்று தந்தால், இரண்டு அரேக்களுக்கு இடையே 1 மைல் வித்தியாசத்துக்கு எந்த மரியாதையும் கிடையாது.

வேறு படகுகளோடு ஒப்பிட்டால்

688ஐயின் உருண்டையை அகுலாவின் மூக்கு அரேயோடு ஒப்பிட ஆசைப்பட்டால், நீங்கள் அரேயை மட்டும் ஒப்பிடவில்லை என்பது நினைவிருக்கட்டும். இரண்டு படகுகளின் சொந்தச் சத்தம் வேறு, திரைகளின் அமைப்பு வேறு, கோடு கண்ணுக்குத் தெரியும் விதமும் வேறு. இலக்கு, தண்ணீர், வேகம், கோணம் நான்கையும் அப்படியே வைத்து, படகை மட்டும் மாற்றுங்கள். டிராக்கர் நழுவாமல் பிடித்தால்தான் கணக்கு என்ற அளவுகோல் இங்கேதான் கை கொடுக்கும், ஏனென்றால் திரையின் வெளிச்சத்தை நம்பவேண்டியதில்லை.

கிலோவுக்கு வால் கிடையாது. அதனால் அதை 688ஐயோடு ஒப்பிடும்போது இரண்டு முறை ஓட்டுங்கள். ஒருமுறை 688ஐயின் வாலோடு, இன்னொரு முறை வாலைச் சுருட்டி வைத்துவிட்டு. இரண்டாவது ஓட்டத்தில், 4 நாட்டில் ஊர்ந்துகொண்டிருக்கும் கிலோவிலிருந்து 12 நாட்டில் வரும் 688ஐயைக் கேட்டுப் பாருங்கள். பிறகு அதே ஓட்டத்தை 688ஐ இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள். யார் யாரை முதலில் கேட்டார்கள் என்ற அந்த ஒரு வரிக்காகவே இந்த மிஷனை நான் அழிக்காமல் வைத்திருக்கிறேன். கோப்பின் பெயரில் தண்ணீர் வகை, கோணம், வேகம், மாட் பெயர் நான்கும் இருக்கும்படி சேமியுங்கள். ஆறு மாதம் கழித்து "சோதனை_புதுசு_இறுதி2" என்ற கோப்பைத் திறந்து பார்த்தால் உங்களுக்கே ஒன்றும் புரியாது.